ஐசில (அடையாள அட்டையில) ரெண்டு இனமும் போடலாமா?

அப்பா தமிழர், அம்மா சீனர், ரெண்டையும் போட முடியுமான்னு எழுதிக் கேட்டிருந்தீங்க. போடலாம், அப்பாவா அம்மாவான்னு ஒண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்ல. சிங்கப்பூர்ல 2011 ஜனவரிலேர்ந்தே இரட்டை இனம் பதியலாம், உங்க ஐசில இப்ப 'சைனீஸ்'னு மட்டும் இருக்குறத 'இண்டியன்-சைனீஸ்' இல்லன்னா 'சைனீஸ்-இண்டியன்'னு மாத்தச் சொல்லி ஐசிஏ-ல (ஐசி குடுக்குற குடிநுழைவு ஆணையம்) கேளுங்க.

ஆனா எது முன்னாடி வருதுன்றது முக்கியம். எச்டிபி வீட்டுக்கான (அரசு அடுக்குமாடி வீடு) இன ஒதுக்கீட்டுல, அதாவது ஒரு கட்டடத்துல எந்த இனத்துக்கு எவ்வளவு வீடுன்ற வரம்புல, முதல்ல இருக்குறதத்தான் எடுத்துக்குவாங்க, வீடு வாங்குற ஐடியா இருந்தா அதையும் யோசிச்சுட்டு மாத்துங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதினதப் பாத்தா கார்டு பெரிய பிரச்சனையா தெரியல. அப்பா பக்கத்து கல்யாணத்துல நீங்க தமிழ்ல பேசியும் அத்தை இங்கிலீஷ்லயே பதில் சொன்னாங்கன்னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, வலி அங்கதான் இருக்குன்னு தோணுது (அவங்க உதவி பண்றதா நினைச்சிருப்பாங்க, அது வேற).

ஒண்ணு பண்ணிப் பாருங்க. அதே அத்தைக்கு போன் போட்டு, அப்பா சின்ன வயசுல எப்படின்னு தமிழ்லயே கேளுங்க, அவங்க இங்கிலீஷுக்குத் தாவினாலும் நீங்க மாறாதீங்க. அது ஓரளவு ஓடிச்சுன்னா கார்டை மாத்த அவசரமே இருக்காது.

மாத்துறதா முடிவு பண்ணா அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கார்டு வந்தப்புறம் தெரிஞ்சா தப்பா எடுத்துக்குவாங்க.