மொட்டை மாடியில் 60 தொட்டி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. அம்பத்தூரில் சொந்த வீடு. தனியார் கம்பெனி வேலையில் மாதம் 32,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டில் இருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு. மூன்று வருடமாக மொட்டை மாடியில் கலர் மீன் வளர்க்கிறேன். இப்போது 16 தொட்டி. பெரும்பாலும் கப்பி, கொஞ்சம் ஃபைட்டர். போன ஆறு மாதத்தில் 54,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். தீவனத்துக்கு 6,000 போனால் மாதம் 8,000 லாபம். ஷெட் போட்டு 60 தொட்டி ஆக்கினால் மாதம் 30,000 வரும், ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. மூன்றரை லட்சம் வேண்டும். சேமிப்பு ஒன்றரை லட்சம் இருக்கிறது, மீதி 2 லட்சத்துக்கு நகைக்கடன். மனைவி நகையைத் தரத் தயார். எனக்குத்தான் தயக்கம். நோட்டுப் பக்கங்களையும் கரண்ட் பில்லையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் கணக்கு நோட்டோடு வந்தது உங்களுடையது ஒன்றுதான். அதற்காகவே பக்கம் பக்கமாகப் படித்தேன். நானும் சின்ன வயதில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃபைட்டர் வளர்த்தவன்தான், அதனால் கொஞ்சம் ஆசையாகவும் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 8,000. உங்கள் நோட்டிலேயே அது இல்லை. தீவனத்தை மட்டும் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். புது ஜோடிகள் வாங்கிய 9,000 ரூபாயை "முதலீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதலீடு இல்லை, செலவு. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பல தலைமுறை கலந்தால் வால் சின்னதாகும், முதுகு வளையும், நிறம் மங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளி ரத்தம் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் அது தீவனம் மாதிரித் தொடர்ந்து போகும் காசு. பேக்கிங் கவர், தெர்மாகோல் பெட்டி, பஸ் பார்சல் என்று 4,800. வழியில் செத்த மீனுக்கு, அதாவது உங்கள் ஆட்கள் டிஓஏ என்பார்களே அதற்கு, திருப்பிக் கொடுத்தது 3,600. மருந்து, உப்பு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மோட்டார் ரிப்பேர் 2,800. மூன்று கரண்ட் பில்லில் மீனின் பங்கு சுமார் 1,800. தீவனம் 6,000. கூட்டினால் 28,000. ஆக ஆறு மாதத்தில் மிஞ்சியது 26,000, மாதத்துக்கு 4,333 ரூபாய்.

இனி நேரம். நாளுக்கு 2 மணி, ஞாயிற்றுக்கிழமை 5 மணி என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் 17 மணி, மாதம் 73 மணிக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு 59 ரூபாய் கூட விழவில்லை. போதாததற்கு, நோட்டில் "காலைத் தீவனம்", "ஆர்டீமியா போட்டாச்சு" (குஞ்சுகளுக்குப் போடும் பொடி இறால் தீவனம்) என்ற வரிகள் எல்லாம் வேறு ஒரு கையெழுத்தில் இருக்கின்றன. அந்த நேரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

பொழுதுபோக்கு என்ற அளவில் இது அருமையான கணக்கு. தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு மாதம் நாலாயிரம் கையில் தரும் பொழுதுபோக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆனால் இதை நாலால் பெருக்கினால் சம்பளம் ஆகிவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல். தொட்டியைப் பெருக்கலாம். வாங்குபவரைப் பெருக்க முடியுமா?

நீங்கள் கப்பியை ஜோடியாக விற்கிறீர்கள். கப்பி குட்டி போடும் மீன். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும், ஈற்றுக்கு இருபது முப்பது சாதாரணம். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாங்களே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு முறை கூடிய பெண் மீன் ஆண் இல்லாமலேயே அடுத்த சில மாதங்கள் வரை குட்டி போட்டுக்கொண்டிருக்கும். அப்படியானால் 300 ரூபாய்க்கு நீங்கள் கொடுத்தது முட்டையை அல்ல, கோழியை. கோழியை மட்டுமா, பண்ணையையே கவரில் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் திரும்ப உங்களிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் சூட்டிகையான ஆளாக இருந்தால் நாலாவது மாதம் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே அதே ரகத்தை 200 ரூபாய்க்குப் போடுவார்.

உங்கள் நோட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆல்பினோ ஃபுல் ரெட் என்ற கப்பி ரகத்தின் ஜோடி முதல் மாதம் 400-க்குப் போனது, ஆறாவது மாதம் 180. நீங்கள் அதற்கு "சீசன் டல்" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது ரகம் கையில் இருக்கும் முதல் சில மாதங்கள்தான் காசு. அப்புறம் எல்லார் வீட்டுத் தொட்டியிலும் அதே மீன். எனவே 60 தொட்டி நிறைய மீன் இருந்தால் அது சொத்து என்று நினைக்காதீர்கள். தங்கம் பீரோவில் சும்மா கிடக்கும். மீன் தினமும் தின்றுகொண்டே விலை இறங்கும்.

அதிலும் நீங்கள் இருப்பது அம்பத்தூர். பக்கத்திலேயே கொளத்தூர். நாட்டிலேயே பெயர் பெற்ற கலர் மீன் சந்தை அது. தெருத்தெருவாக மொத்த வியாபாரிகள், வெளியே பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கம் வரை பண்ணைகள். சாதாரண கப்பி, மாலி, பிளாட்டியை அவர்கள் விலைக்கு நீங்கள் கொடுக்க நினைத்தால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். நல்ல மீன், சுத்தமான ரகம், நேரில் பார்த்து வாங்கலாம் என்ற நம்பிக்கை, இதற்காகத்தான் உங்களிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கை 16 தொட்டியில் இருக்கும் அளவுக்கு 60-ல் இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆண், பெண் குட்டிகளை மூன்று நான்கு வாரத்துக்குள் பிரிக்காவிட்டால் ரகம் கலந்து போகும். பிரிக்க ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இன்றைய கணக்கில் 17 மணி என்றால் 60 தொட்டிக்கு வாரம் 64 மணி. தண்ணீர் தானாக வடிய பைப் போட்டு பாதியாகக் குறைத்தாலும் 32. வேலைக்கும் போய்க்கொண்டு முடியுமா?

ஃபைட்டர் பக்கம் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலானோர் அதில் அழகான ஆண் மீன் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். ஒற்றை மீன் பெருகாது, எனவே பண்ணை உங்களிடமே இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் அது போனால் அவர் இன்னொன்று வாங்க வருவார். உங்கள் விற்பனையில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் ஃபைட்டர்காரர்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஆண்களைத் தனித்தனி பாட்டிலில் போட்டாக வேண்டும். ஒரு தடவை பொரித்த குஞ்சுகளில் அறுபது ஆண் தேறினால் அறுபது பாட்டில், அறுபது தண்ணீர் மாற்றம். கப்பியில் விலை அடிபடும், ஃபைட்டரில் முதுகு அடிபடும். (ஃபைட்டர் தண்ணீரில் போடும் வாதாங்கொட்டை இலையைப் பாக்கெட்டாகக் காசு கொடுத்து வாங்கியதாக ஒரு வரி இருக்கிறது. தெருவில் சும்மா உதிர்ந்து கிடக்கிறது, மருந்து அடிக்காத மரமாகப் பார்த்துப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.)

திரும்பத் திரும்ப விற்கும் வேறு சிலவும் உங்களிடம் இருக்கின்றன, நீங்கள் அவற்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மொய்னா ஸ்டார்ட்டர் (குஞ்சுகளுக்கு உயிர்த் தீவனமாகும் தண்ணீர்ப் பூச்சியை வளர்க்க ஆரம்பத்துக்குக் கொடுப்பது), ஜாவா மாஸ் என்ற தண்ணீர்ப் பாசி, வெட்டிப் போட்ட தண்ணீர்ச் செடிகள். மொய்னா வளர்ப்பு அடிக்கடி சரிந்து போகும், வாங்கியவர் மறுபடி கேட்பார். அக்வேரியம் கடைக்குச் செடி கொடுத்துவிட்டுப் பதிலுக்குத் தீவனம் வாங்கினாலும் அதுவும் வரவுதான், விலை போட்டு எழுதுங்கள்.

இப்போது ஷெட்டும் கடனும். உங்கள் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். இப்போதுள்ள 40 வாட்ஸ் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடி 60 நாளில் 58 யூனிட் எடுக்கிறது. 60 தொட்டிக்கு 100 வாட்ஸ் புளோயர் வைத்தால் 144 யூனிட். கூடுதல் 86-ஐச் சேர்த்தால் 516. நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய 16 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் சேர்ந்து கூடும். விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் இதற்கு மேலே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. காற்றை மேலே வந்து சுவாசிக்கும் ஃபைட்டர் அப்போது தாக்குப் பிடித்திருக்கும், நெருக்கமாக விட்ட கப்பித் தொட்டி பிடிக்காது. அப்படி ஒரு வாரம் வந்தால் உங்கள் கடன் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

2 லட்சம் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 20,000. இன்றைய உண்மையான லாபம் வருடத்துக்கு 52,000. முதல் மீனை விற்பதற்கு முன்பே அதில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு வட்டிக்குப் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. ஒன்றரை லட்சம் சேமிப்பு என்பது உங்கள் குடும்பத்துக்கு ஐந்து மாதச் செலவு கூட இல்லை. அதைத் தகர ஷீட்டாக மாற்றி மாடியில் நிறுத்தாதீர்கள். மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் ஷீட்டைக் கழற்றி விற்க முடியாது. வேலையை விட்டால் பிஎஃப்பில் கம்பெனி போடும் பங்கும் போகும், கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் போகும். எனவே மீனில் 30,000 வந்தாலும் அது 32,000-க்குப் பக்கத்தில் வராது.

அரசு மானியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் புறக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அலகு மதிப்பு, அதாவது ஒரு வளர்ப்பு அமைப்புக்கு அவர்கள் கணக்கிடும் செலவு, 3 லட்சம், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. அதாவது உங்கள் பெயரில் 1,20,000, மனைவி பெயரில் 1,80,000. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, மொட்டை மாடிக்குப் பொருந்துமா என்று மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஒப்புதல் கைக்கு வரும் முன் ஒரு பைப் கூட வாங்க வேண்டாம். பணம் வேலை முடிந்து ஆய்வு நடந்த பிறகுதான் வரும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். மானியம் கிடைத்தாலும் மேலே சொன்ன விற்பனைச் சிக்கல் அப்படியேதான் இருக்கும், மறக்காதீர்கள். மாதவரத்திலும் பொன்னேரியிலும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் உள்ளன. அலங்கார மீன் பயிற்சி எப்போது என்று விசாரித்து, அதற்கு மனைவியையும் அழைத்துப் போங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. மீன் வளர்ப்பு விவசாயம், அதற்கு வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது வியாபார வருமானம். உங்கள் சம்பளத்தோடு சேர்த்தாலும் இப்போதைய புதிய முறையில் வரி கட்ட வேண்டி வராது, ஆனால் காட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குக்கான ஐ.டி.ஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது. விற்பனையில் ஒரு பங்கை லாபமாக எடுத்துக்கொள்ளும் அனுமான வருமான முறையில் ஐ.டி.ஆர்-4 போடுங்கள். சரக்கு விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றி யோசிக்க வேண்டாம், அந்தக் கவலை வந்தால் நல்ல கவலைதான்.

சரி, என்ன செய்யலாம்? மீனுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி ஜிபே. விற்ற காசு அதில் வரட்டும், தீவனம் முதல் பஸ் பார்சல் வரை அதிலிருந்தே போகட்டும். வீட்டுப் பணம் அதற்குள் போகக் கூடாது. அந்தக் கணக்கில் எப்போதும் 10,000 ரூபாய் நிற்க வேண்டும், அது புயலுக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும். அதற்கு மேல் சேர்ந்ததில்தான் அடுத்த நாலு தொட்டி. கப்பியில் ஒரு ரகத்தின் விலை பாதியாக இறங்கியதும் அதை நிறுத்திவிடுங்கள், பாசம் வேண்டாம். முடிந்தவரை ஆண் மீன்களைக் காட்சித் தொட்டிக்காரர்களுக்குத் தனியாக விற்றுப் பாருங்கள். பாட்டில் வைக்க இடம் இருந்தால் ஃபைட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அடுத்த ஆறு மாதம் இப்படி ஓடட்டும். எல்லாச் செலவும் போக மாதம் 8,000 உண்மையாகவே நின்று, வாங்குபவர்களில் பாதிப் பேர் பழைய ஆட்களாக இருந்தால் ஷெட் பற்றி மறுபடி எழுதுங்கள், நானே சாதகமாகப் பேசுகிறேன். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும். நோட்டில் மட்டும் ஒரு புதுப் பத்தி சேருங்கள்: யார் எத்தனை மணி நேரம் என்று. அதை அந்த இன்னொரு கையெழுத்துக்காரரே எழுதட்டும்.