குழாய்களை எண்ணுவதா, குடங்களை எண்ணுவதா?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பணியில் இருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான குடிநீர்ச் செலவு மதிப்பீட்டுடன் செயல்திறன் அளவீடுகளையும் இணைத்துத் தருமாறு கேட்டிருக்கிறார்கள். எத்தனை வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கொடுத்தோம் என்ற கணக்கு போதுமா? இலக்கை எட்டாவிட்டால் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவார்களா?

பதில்: போதாது. இணைப்புகளின் எண்ணிக்கை நீங்கள் செய்து முடித்த வேலையைக் காட்டும். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதே மக்களுக்குக் கிடைத்த பயனைக் காட்டும். செலவுடன் அதனால் கிடைக்க வேண்டிய பயனையும் சேர்த்துக் காட்டும் விளைபயன் வரவு செலவுத் திட்டத்தை மத்திய அரசு 2005-இல் கொண்டுவந்தபோது முன்வைத்த வேறுபாடும் இதுதான். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட, ஊரக வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் இயக்கம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தரமான நீர் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று சொல்வதால், உங்களுக்கான அளவுகோலும் ஆயத்தமாகவே இருக்கிறது.

அதை அளக்க ஒரு குடமும் ஒரு கடிகாரமும் போதும். நான்கு பேர் வாழும் வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறத்தாழ 15 குடம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய வீட்டில் அளந்தால் கணக்கு எப்போதும் நன்றாகவே வரும் என்பதால், குழாய்ப் பாதையின் கடைசி வீட்டுக்குப் போய், தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம் ஆகி, ஒரு மணி நேரமே தண்ணீர் விடப்படுகிறது என்றால், அந்த வீட்டுக்குக் கிடைப்பது பத்துக் குடம்தான். பதிவேட்டில் அது இணைப்பு பெற்ற வீடாகவே இருக்கும். அதே குழாயில், குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பைக் கொண்டு, நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றுடன், ஆயிரம் லிட்டர் வழங்க ஆகும் மின்கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தால் மூன்று அளவீடுகள் ஆயின. அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இருபது கட்டங்கள் கொண்ட படிவத்தைக் கடைசி நாளில் ஊகத்தால் நிரப்பும் நிலைதான் வரும்.

ஒதுக்கீடு குறையுமா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. எண்ணை மட்டும் அனுப்பினால், படிப்பவர் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். மோட்டார் தேய்ந்திருந்தால் கூடுதல் நிதி தேவை. மேட்டு வீடுகளில் மோட்டார் வைத்துக் குழாய்நீரை உறிஞ்சுகிறார்கள் என்றால் தேவைப்படுவது நடவடிக்கை. நிலத்தடி நீர் இறங்கிவிட்டால் வேறு நீராதாரம் தேட வேண்டும். குடம் நிறைய ஆறு நிமிடம் ஆவது மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கலாம், ஆனால் பணத்தைப் பற்றிய முடிவு மூன்றிலும் வேறு.

அளவீட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும் என்றால் அதை மே மாதத்தில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த எண், கோடையில் அந்தக் கடைசி வீடு படும் பாட்டைக் காட்டாது.