செய்து எடுத்த என்ஜினைப் பொத்திப் பொத்தி ஓடலாமா? வாசகர் கேள்வி-பதில்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்ற நாளிலிருந்து (2025இல்தான் மீண்டும் திறந்தார்கள்), பழைய காரை விற்காமல் என்ஜினை இறக்கிச் செய்பவர்கள் எங்கள் திருகோணமலைப் பக்கம் கூடிவிட்டார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான்.

கொரோலாவுக்குப் போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து), புதுப் பிஸ்டன், அதைச் சுற்றி இருக்கும் றிங்ஸ் போட்டாயிற்று. மூன்று நாள் வீட்டில் ஸ்டார்ட்டில் விட்டு வை, பிறகு 1000 கிலோமீற்றர் வரை 40ஐத் தாண்டாதே என்கிறார் கராஜ்காரர். சரியா? (உப்புவெளி)

சரியில்லை. அந்த மூன்று நாளில் செலவழித்த காசு முழுவதும் வீணாகலாம்.

போர் சுவரில் ஹோன் பண்ணிய (கல்லால் தேய்த்துப் போட்ட) குறுக்குக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளின் கூர் தேய்ந்து, றிங்கும் சுவரும் ஒன்றோடொன்று படிய வேண்டும். றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு றிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுவதுதான் பெரிய அழுத்தம். ஸ்டார்ட்டில் சும்மா நிற்கும் என்ஜினில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. றிங் படியாது, ஒயில் சுவரில் காய்ந்து கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். பிறகு என்ஜின் ஒயில் குடித்துக்கொண்டே இருக்கும். திரும்பக் கழற்றி ஹோன் பண்ணுவதைவிட வேறு வழி கிடையாது.

ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் பிரஷரையும் கசிவையும் பாருங்கள். சூடு ஏறியதும் வீதிக்கு இறக்குங்கள். விடிய வெள்ளன நிலாவெளி வீதிதான் என் தெரிவு. மேடு பள்ளம் இல்லை, வாகனமும் குறைவு. மூன்றாம் கியரில் 40இலிருந்து 65 வரை அக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து ஏற்றுங்கள். பிறகு காலை எடுத்து, பிரேக் பிடிக்காமல் கியரிலேயே 40க்கு இறங்க விடுங்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தரம். காலை எடுக்கும்போது உண்டாகும் உறிஞ்சல் சுவருக்கு ஒயிலை இழுத்து, தேய்ந்த தூளைக் கழுவும். ஊருக்கு வெளியே 70 என்ற சட்ட எல்லையே இதற்குத் தாராளம்.

முதல் ஓட்டமே கோணேசர் கோயிலுக்கு என்று நேர்ந்திருப்பீர்கள். கோட்டைக்குள் மானுக்கும் சனத்துக்கும் நடுவே ஊர்ந்து போகிற பாதை அது. தேங்காயை வீட்டு வாசலில் உடைத்துவிட்டு, கோயிலுக்கு அடுத்த வெள்ளி போங்கள்.

முதலே நல்ல சிந்தெட்டிக் ஒயில் விடவா? (கிண்ணியா)

வேண்டாம், மினரல் (சாதாரண பெற்றோலிய ஒயில்) போதும். 100 கிலோமீற்றருக்குள் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள், 1000இல் மீண்டும். ஒயில் குறைவது நின்றபின், 3000 அளவில், சிந்தெட்டிக்குக்குப் போகலாம்.

முதல் ஒயிலைக் கழற்றினால் மினுக்கமாக இருக்கிறது. பயப்படவா? (மூதூர்)

சாம்பல் நிற நுண்தூள் என்றால் இல்லை. நகத்தில் தட்டுப்படும் துண்டு, அல்லது செம்பு நிறச் செதில் என்றால் ஓடாதீர்கள், பியறிங் பேசுகிறது, அதாவது தேய்கிறது. பழைய பில்டரை வெட்டி மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

மொறிஸ் மைனருக்குப் புதுக் கேம் சாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), புது டெப்பட் (கேம் தள்ளுகிற சிறு உருளை). இதற்கும் அதே முறையா? (நகரிலிருந்து)

இல்லை, இங்கே முதல் இருபது நிமிடம்தான் எல்லாம். தட்டை டெப்பட்டுக்கும் கேமுக்கும் ஒயில் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) சுழன்று தெறிப்பதால்தான். ஆகவே ஸ்டார்ட் ஆன கையோடு 2000 ஆர்.பி.எம்முக்கு ஏற்றி, 1500க்கும் 2500க்கும் இடையில் மாற்றி மாற்றி இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். அதற்கு முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), பெற்றோல், ரேடியேட்டர் தண்ணி எல்லாம் முதலே ஆயத்தமாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை டைமிங் வைக்காமல் தொடங்கி, அரை மணிநேரம் விட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணியதில் கேமின் இரண்டு மூக்கு (டெப்பட்டைத் தள்ளும் மேடு) தேய்ந்தே போனது.

கடற்கரைக் கிணற்று உவர்த் தண்ணியை ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பழக்கத்தையும் இதோடு விடுங்கள். கூலன்ட் விடுங்கள்.

டீசல் வான். 200 கிலோமீற்றர் ஓடியும் நீலப் புகை. (கந்தளாய்)

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, றிங் இன்னும் படியவில்லை. ஆயிரம் வரை பொறுங்கள். டீசலுக்குச் சுமை இன்னும் முக்கியம். வெறும் வானாய்ச் சந்தைக்குப் போய் வந்தால் றிங் படியாது. நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு ஹபரணைக்கு ஒருதரம் போய் வாருங்கள். நெல் மூட்டை இப்போதைக்கு வேண்டாம். திரும்பி வந்ததும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து, எவ்வளவு குறைந்தது என்று எழுதி அனுப்புங்கள்.