ஷார்ஜாவில் வாங்கிய பலூச் கம்பளம் 130 வருடம் பழையதா?

கேள்வி: ஷார்ஜாவில் பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் பலூச் தொழுகை விரிப்பு வாங்கினேன். ஏறக்குறைய 5 அடிக்கு 3 அடி. ஒட்டக நிறத்தில் தரை, நடுவில் ஒரு மரம், அங்கங்கே ஆரஞ்சு நிற இலைகள். மூலையில் பாரசீக எண்களில் 1312 என்று நெய்திருக்கிறது. குஞ்சம் வெள்ளை. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் நெய்தது, 130 வருடப் பழமை என்று சொல்லி அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். அவர் சொன்னது சரியா?

பதில்: ஊரைப் பற்றிச் சொன்னது அநேகமாகத் தவறு. வயதைப் பற்றிச் சொன்னதும் சந்தேகம்தான்.

பலூச் கம்பளம் என்று உலகச் சந்தையில் விற்பவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் நெய்ததே இல்லை. ஈரானின் வடகிழக்கில் உள்ள குராசான், ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பரவிக் கிடக்கும் சிஸ்தான், ஆப்கானிஸ்தானின் மேற்கில் ஹெராத், ஃபரா வட்டாரங்கள், இவைதான் இதன் தாய்நிலம். நெய்தவர்கள் எல்லோரும் பலூச்சிகளும் இல்லை. தைமூரி, அய்மாக் குழுக்களும், குராசானில் குடியேறிய அரபுகளும் குர்துகளும் இதே பாணியில் நெய்தார்கள். மஷ்ஹத், ஹெராத் சந்தைகளுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டது. ஒட்டக நிறத் தரையில் மரம் என்றால் என் முதல் ஊகம் குராசான். (அந்த நிறத்தைக் காட்டி ஒட்டக மயிர் என்பார்கள். பலவற்றில் அது சாதாரண செம்மறி ரோமம்தான்.)

ஆனால் வடிவத்தை வைத்து மட்டும் ஊரை முடிவு செய்ய முடியாது. ஒரு குழுவின் வடிவத்தை இன்னொரு குழு பார்த்து நெய்வது அங்கே சாதாரணம். நெய்யும் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் மாறாது, அதனால் கம்பளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். நீள ஓரங்களில் கறுப்பும் பழுப்புமாக வெள்ளாட்டு மயிர், பல புரிகளைச் சேர்த்துக் கட்டிய அகலமான கரையாக இருக்கிறதா? தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பலூச் வகைக்கு இது நல்ல அடையாளம். அடுத்து, இரு முனைகளிலும் முடிச்சில்லாத தட்டையான நெசவுப் பட்டை மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள கோடுகளும் சின்னச் சின்ன வேலைப்பாடும், நடுவில் உள்ள மரத்தைவிட அதிகம் சொல்லும். வல்லுநர்கள் முடிச்சு எந்தப் பக்கம் திறக்கிறது (நூலின் முனை எந்தப் பக்கமாக வெளிவருகிறது) என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலான பலூச் வேலையில் இடப்பக்கம் திறக்கும், சில குழுக்களில் வலப்பக்கம்.

சரி, வயதுக்கு வருவோம். 1312 என்பது எந்தக் கணக்கு? சந்திர ஹிஜ்ரி என்றால் அந்த எண்ணை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்தே கழித்து, 622 கூட்ட வேண்டும். 1894-95 வரும். உங்கள் கடைக்காரர் போட்ட கணக்கு இதுதான். ஈரான் 1925இல் அதிகாரபூர்வமாகச் சூரிய ஹிஜ்ரிக்கு மாறியது. அந்தக் கணக்கில் 621 கூட்டினால் போதும்: 1933-34. ஒரே எண், ஏறக்குறைய 40 வருட வித்தியாசம். அதுவும் எண்ணைச் சரியாக நெய்திருந்தால்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பழைய கம்பளத்தில் இருந்த எண்ணை வெறும் அலங்காரமாகப் பார்த்து நெய்ததுண்டு. பாரசீக எழுத்தில் 2-க்கும் 3-க்கும் ஒரு சிறு பல் போன்ற கோடுதான் வித்தியாசம் என்பதால், பிற்பாடு ஒரு முடிச்சை மாற்றிக் கட்டி, 3-ஐ 2 ஆக்கி, நூறு வருடம் கூட்டிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு.

அதனால் எண்ணைவிட்டு நூலைப் பாருங்கள். பழைய பலூச் கம்பளங்களில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடி முனையில் குஞ்சமாக வெளிவரும் நூல், கம்பளிதான். பருத்திப் பாவு வந்தது பெரும்பாலும் 1930களுக்குப் பிறகு. குஞ்சத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அது பின்னால் தைத்துச் சேர்த்ததாகவும் இருக்கலாம். கம்பளத்தின் நடுப்பகுதியைப் பின்புறமாக மடக்கினால் முடிச்சுகளுக்கு இடையே பாவு தெரியும். குஞ்சமும் அதே நூல்தான் என்று உறுதியானால், அதிலிருந்து ஒரு இழை எடுத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி, தலைமயிர் கருகும் நாற்றம் என்றால் கம்பளி. பாவு பருத்திதான் என்றால் 1894-ஐ மறந்துவிடலாம். 1933-34 அல்லது அதற்கும் பிந்தியது.

சாயத்தில் நீலம் உதவாது. 1897இல் சந்தைக்கு வந்த செயற்கை அவுரி நீலமும் செடியிலிருந்து எடுத்ததும் ரசாயன ரீதியில் ஒன்றே. ஆரஞ்சு இலை உள்ள இடத்தில் ரோமத்தை விரலால் பிரித்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். நுனி வெளுத்து, அடியில் பளீரென்று இருந்தால் செயற்கைச் சாயம். முதல் செயற்கைச் சாயம் 1856இலேயே வந்துவிட்டது, 1882இல் ஈரான் ஷா இவற்றுக்குத் தடை போடும் அளவுக்குப் பரவியும் இருந்தது. ஆகவே அது மட்டுமே 1894-ஐப் பொய்யாக்காது. பலூச் வேலையில் அந்த மாதிரி ஆரஞ்சு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டைத்தான் காட்டும் என்பது வேறு விஷயம். கரும்பழுப்புக் கோடுகள் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அது வயதுக்குச் சாதகமான சாட்சி. இரும்பு கலந்த சாயம் ரோமத்தை மெதுவாக அரித்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டியும் இந்தப் பள்ளத்தை உண்டாக்குவார்கள் என்பதால், பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருந்தால் நம்பாதீர்கள்.

பாவு பருத்தி என்று தெரிந்தால், ரசீதோடு கடைக்குப் போய் விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். 1930களின் நல்ல குராசான் விரிப்புக்கும் மதிப்பு உண்டு, ஆனால் 19ஆம் நூற்றாண்டு விலை கிடையாது. அதுவரை கம்பளத்தைத் தண்ணீரில் போட்டுக் கழுவ வேண்டாம், முனைப் பட்டையில் தொங்கும் பிசிறையும் வெட்ட வேண்டாம்.