ஹவுஸ் சர்ஜன் மகனை நர்சிங் ஹோம் நைட் டியூட்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகன் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். பரீட்சை முடித்துக் கட்டாயப் பயிற்சியில் இருக்கிறான். ரத்தம் எடுப்பது, லேபுக்கு ஓடுவது, இதுதான் வேலையாம். எதையும் கற்கவில்லை என்று புலம்புகிறான். தெரிந்தவர் ஒருவர் நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி வாங்கித் தருகிறேன், தனியாகக் கேஸ் பார்க்கலாம், காசும் வரும் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். காரணம் அப்புறம். முதலில் அந்த ரத்த விஷயம்.

ட்ரிப்ஸ் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தால் திரவம் கலந்து அளவுகள் தப்பாக வரும். அவசரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தால், பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நிஜமாகவே கூடியிருந்தாலோ இதயம் நின்றுவிடலாம். பொட்டாசியம் 6.5, அதாவது ஆபத்தான அளவு, என்று ரிசல்ட் வந்ததும், இது நோயா, நான் எடுத்த லட்சணமா என்று யோசித்துப் படுக்கைக்குத் திரும்பி ஓடி, இ.சி.ஜி. எடுத்து, பி.ஜி.யிடம் (மேற்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டர்) சொல்லி, மறுபடி சாம்பிள் அனுப்புகிற பையன் மருத்துவம் கற்கிறான். எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு டீக்குப் போகிறவனுக்கு அது வெறும் ஓட்டம்தான். உங்கள் மகன் எந்த ரகம் என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்காக அவன் புலம்பல் பொய் என்று சொல்லமாட்டேன். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓட ஊழியர் வேண்டும். அந்த ஆளைப் போடாமல் டாக்டர் பையனை ஓடவிட்டு, கடைசி வாரத்தில் லாக்புக்கில் (என்னென்ன கற்றான் என்ற பயிற்சிப் பதிவேடு) மொத்தமாகக் கையெழுத்துப் போடும் இடங்கள் உண்டு. முப்பது வருடமாக இதைக் கத்திக்கொண்டிருக்கிறேன்!

சரி, நர்சிங் ஹோம். மகனிடம் இருப்பது மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு. மேற்பார்வையில், பயிற்சிக்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் அது செல்லும். மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், போலீஸ் கேஸ் ஆவணம் எதிலும் அவன் கையெழுத்துப் போடக் கூடாது. இடைத்தரகர்கள் இதைச் சொல்வதே இல்லை. அவர்களுக்குக் கமிஷன், நர்சிங் ஹோமுக்கு மலிவான டாக்டர். வழக்கு வந்தால் மாட்டுவது உங்கள் பிள்ளை. பகலில் தூங்கி வார்டுக்கு மட்டம் போட்டாலும் சிக்கல்தான். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 பயிற்சி விதிகளின்படி வருடத்துக்கு 15 நாள் விடுப்பு. மீறினால் பயிற்சி நீளும்.

ஒரே ஒரு விலக்கு. சமூக மருத்துவத்துக்கான 12 வாரத்தில் கல்லூரியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும். அதுவும் வெளி இடம்தான், ஆனால் அது பயிற்சி. கல்லூரியின் போஸ்டிங் ஆர்டர் இருக்க வேண்டும், அதில் இடமும் தேதியும் இருக்க வேண்டும், அங்கேயும் பொறுப்பு மருத்துவர் இருக்க வேண்டும். "டீனிடம் வாயால் சொல்லியாச்சு" என்பது ஆர்டர் ஆகாது. தரகர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருவதும் ஆகாது.

அந்தத் தெரிந்தவரிடம் ஒன்று கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யாராவது இறந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார்?