ரன்னிங் கேம் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

மார்த்தாண்டத்துல மொபைல் சர்வீஸ் பண்ணுதேன், கடைக்கு வாற போன்ல சப்வே சர்ஃபர்ஸோ டெம்பிள் ரன்னோ கட்டாயம் கெடக்கும். ஆடவும் செய்வேன். மோட் ஏபிகே, அதாவது ஓசில காயின் கெடைக்க யாரோ திருத்தி விட்ட கேம் ஃபைல், அத மட்டும் கேக்காதீங்க. கேக்கவங்க பேருக்கு பதிலா ஊரு பேர போட்டிருக்கேன்.

தக்கலை: ஓடுது, குதிக்குது, இதுல என்னத்தண்ணே இருக்கு?

அதான் மக்கா அதுக்க பலமே. மேல இழுத்தா குதிக்கும், கீழ இழுத்தா உருளும், சைடுல இழுத்தா லேன் மாறும், பஸ்ல கம்பிய பிடிச்சு நின்னுட்டே ஒரு கட்டைவிரல்ல ஆடலாம். 2009ல கானபால்ட்னு ஒண்ணு வந்துச்சு, அதுல ஆளு தானா ஓடுவான், நாம குதிக்க வச்சா போதும், பிறகு 2011ல டெம்பிள் ரன், 2012ல சப்வே. செத்தா ஏன் செத்தோம்னு நமக்கே தெரியும், ரயில் முன்னாலயே தெரிஞ்சுது, நாமதான் இழுக்க லேட்டு, அந்த வெப்ராளத்துலதான் திரும்பவும் அமுக்குதோம்.

குளச்சல்: அப்பம் குறையே இல்லியா?

இருக்கு. செத்தா நம்ம தப்புதான்னு சொன்னேன்லா, அந்த நேர்மைய கேம் செஞ்சவங்களே கெடுக்குதாங்க. சப்வேல சாவி இருந்தா செத்த எடத்துலேருந்தே எழும்பலாம், அதே ஓட்டத்துல முதல்ல 1 சாவி, அடுத்து 2, பிறகு 4, 8ன்னு இரட்டிச்சுட்டே போகும், யோசிக்க விடாம டைமர் வேற ஓடும். சாவிய காசுக்கும் விக்காங்க. பிறவு ஒருத்தன் ஹை ஸ்கோர காட்டுனா நல்லா ஆடுனானா, சாவிய கொட்டுனானான்னு எப்படி தெரியும்? 2013லேருந்து மும்பை, டோக்கியோன்னு ஊரு மாறிட்டே இருக்கு, ஓடுறது அதே மூணு தண்டவாளத்துலதான்.

நாகர்கோவில்: அன்லிமிடெட் காயின் ஏபிகே இருக்கா?

இல்ல.

இரணியல்: கொஞ்சம் ஓடுனதும் ஜெர்க் அடிக்குது, பாதை நீண்டுட்டே போறதாலயா?

நல்ல கேள்வி. பாதை நீளவே இல்ல. சின்ன சின்ன துண்டா செஞ்சு வச்சிருப்பாங்க, நாம தாண்டுன துண்ட எடுத்து திரும்ப முன்னால போடுவாங்க. நெறைய கேம்ல ஆளு நின்ன எடத்துலயே நிப்பான், உலகம்தான் பின்னால போகும், ஏன்னா தூரம் கூட கூட தசம கணக்குல துல்லியம் கொறஞ்சு படம் நடுங்கும். உங்களுக்கு அனேகமா போன் சூடாகி ப்ராசஸர் வேகத்த கொறைக்குது. கவர கழத்துங்க, சார்ஜ்ல போட்டு ஆடாதீங்க.

கருங்கல்: ஃப்ரெண்டு ஒரு மோட் அனுப்புனான், போடட்டா?

மேல வாசிக்கவே மாட்டீங்களா? உள்ள எவன் என்னத்த வச்சிருக்கான்னு தெரியாது, அதே போன்லதான் ஜிபே கெடக்கு.

களியக்காவிளை: டெம்பிள் ரன்தான் கெத்து, போன சாய்ச்சு காயின் அள்ளுற சுகம் சப்வேல வருமா?

வீட்ல இருந்து ஆடுனா கொள்ளாம். மலையோர ரோட்டு பஸ்ல ஆடிப்பாருங்க, டிரைவர்தான் சாய்ப்பாரு.

குலசேகரம்: ரெண்டும் வேண்டாம், குரோம் டைனோ! நெட்டும் வேண்டாம், விளம்பரமும் கிடையாது.

களியக்காவிளை: காயினே இல்லாம எதுக்குய்யா ஓடணும்?

குலசேகரம்: உமக்கு ஓட கூலி வேணுமோ?

நான் குலசேகரம் பக்கம். 2014ல குரோம் பிரவுசர்ல நெட் இல்லாதப்பம் வாற பக்கத்துல வச்ச சாமானம், சாவியும் இல்ல ஒண்ணும் இல்ல, கள்ளிச்செடில முட்டுனா தீந்துது.

நாகர்கோவில்: டைனோக்கு மோட் இருக்கா?

எலே!