அணிலை யார் நம்புவார்கள்?

கே: 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதல் நடந்த நாட்களில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. மாதம் நாலு தடவை போகிற கரண்ட்தான். ஆனால் அன்று மாமியார் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார், நான் பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் பையில் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. பாகிஸ்தான் எங்கே, தஞ்சாவூர் எங்கே! இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: வெட்கம் எதற்கு? (பையிலிருந்து நகையை எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டீர்கள்தானே?) அந்த வாரம் மே 7-ம் தேதி கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. மறுநாள் ராத்திரி தர்மசாலாவில் பஞ்சாபும் டெல்லியும் ஆடிக்கொண்டிருந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் விளக்குக் கோபுரம் ஒன்று அணைந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார்கள். பக்கத்தில் ஜம்மு, பதான்கோட் எல்லாம் பதறிக்கொண்டிருந்த நேரத்தில் அதை யார் நம்புவார்கள்? ஆட்டம் பாதியில் நின்று, ரசிகர்களை வெளியேற்றி, அடுத்த நாள் தொடரையே ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தார்கள். இதையெல்லாம் டி.வி.யில் பார்த்துவிட்டு இருக்கும்போது ஃபேன் நின்றால் வேறு என்ன தோன்றும்?

மற்ற நாளில் கரண்ட் போனால் "எப்ப வரும்?" என்று மட்டும்தான் கேட்கிறோம். பயந்திருக்கிற நாளில் "ஏன் போச்சு?" என்கிறோம். அதற்கு அணில் என்று பதில் வந்தால் மனசு ஏற்காது, நம் பயத்தின் அளவுக்கு அது போதவில்லை. 2021-ல் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பியில் ஓடும் அணில்களாலும் மின்தடை வருகிறது என்றபோது ஊரே மீம் போட்டுச் சிரித்தது. லைன்மேனைக் கேட்டுப் பாருங்கள், அணில், காக்கா, காற்றில் வந்து விழும் தென்னை மட்டை எல்லாம் அவருக்குப் பழகிய சமாச்சாரம்.

அமெரிக்காவில் 2003 ஆகஸ்ட் 14 சாயங்காலம் நியூயார்க் உட்பட எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை என்பதால், மறுபடியும் வந்துவிட்டார்கள் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். விசாரித்தால், ஒஹையோவில் சூடேறித் தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள், வெட்டாமல் விட்டிருந்த மரங்களில் உரசியிருக்கின்றன. அதைக் கூவிச் சொல்ல வேண்டிய அலாரம் மென்பொருள் உறைந்து கிடந்திருக்கிறது, அது உறைந்ததே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தெரியாது. மரக்கிளை! நம்ம ஊர் அணிலுக்கு அண்ணன்.

கே: 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று சொல்லி எல்லார் போனையும் ஒரே நேரத்தில் அலறவிட்டார்களே, பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பாட்டி போனைத் தூக்கியே எறிந்துவிட்டார். இதெல்லாம் தேவையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: தேவைதான். புயல் பிறக்கும் கரையில் இருக்கிறோம். ஆனால் அலறவிடுகிறவர் தப்பென்றால் உடனே திருத்தவும் தெரிந்திருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 காலை ஹவாய் தீவுகளில் "ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல" என்று எல்லார் போனுக்கும் செய்தி போனது. வட கொரியா மிரட்டிக்கொண்டிருந்த சமயம் அது, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தவறான எச்சரிக்கை என்று போனுக்குத் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. ஆளுநருக்குச் சில நிமிடங்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டதாம், ஆனால் தன் ட்விட்டர் கணக்கின் பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது என்று அப்புறம் அவரே ஒப்புக்கொண்டார். பாட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

கே: சரி, உங்கள் வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வீர்கள்?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: பால்கனிக்குப் போய் எதிர் வீட்டில் லைட் எரிகிறதா என்று பார்ப்பேன். அங்கேயும் இருட்டாக இருந்தால் நிம்மதி. எரிந்தால் பயமில்லை, வயிற்றெரிச்சல்தான்.